கூடு விட்டுக் கூடு

விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கூடு விட்டுக் கூடு பாயும் வித்தையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ராஜா தம் உடலை ஓரிடத்தில் கிடத்திவிட்டு, செத்துக் கிடந்த கிளியின் உடலுக்குள் புகுந்து ஜம்மென்று பறந்து போவார். அந்தச் சமயம் பார்த்து, மந்திரத்தை ஒட்டுக் கேட்டவன் ஒருவன் ராஜாவின் உடலுக்குள் புகுந்துகொண்டு நேரே அரண்மனைக்குப் போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிடுவான். என் பாட்டி இந்தக் கதையைச் சொன்னபோது, "ராஜா ஏன் பாட்டி தம் உடம்புக்கு ஒரு காவலாள் போட்டுவிட்டுப் போகவில்லை?" என்று கேட்டேனாம். "பறக்கிற அவசரத்தில் யாருக்குடா அதெல்லாம் ஞாபகம் வரும்!" என்றாளாம் பாட்டி.

அறுபத்திரண்டு வயதில் எனக்கும் அதே அவசரம் வரும், அதே கதி நேரும் என்று அப்போது நான் கண்டேனா, பாட்டிதான் கண்டாளா?

இந்தப் பகுதியை வாரா வாரம் படிக்கும் நேயர்களுக்கு நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கும்பகோணத்துக்கு வந்துவிட்ட சங்கதி தெரியும். ஓய்வு பெற்றேனே ஒழிய, கணக்கு என்னை விடவில்லை. சென்னையில் ஒரு வியாபார நிறுவனம் மாதத்தில் பத்து நாள் தங்கள் கணக்கைப் பார்த்துக் கொடுக்கும்படி கேட்டது. "சென்னைக்கு யார் ஸ்வாமி அலைவது?" என்றேன். "நீங்கள் அலையவே வேண்டாம். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலை செய்யலாம்" என்றார்கள். அதற்குப் பெயர் ரிமோட் டெஸ்க்டாப்.

முதல் நாள் அந்த வித்தையைப் பார்த்து நான் அசந்து போனேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பெயரையும் ரகசியச் சொல்லையும் அடித்தால், வீட்டுத் திரை மறைந்து ஆபீஸ் திரை வந்து நிற்கிறது. இங்கே நான் சுட்டியை நகர்த்தினால் அங்கே அம்பு நகர்கிறது. இங்கே தட்டிய எழுத்து அங்கே விழுகிறது. உண்மையில் போவதும் வருவதும் கொஞ்சந்தான். என் விரல் தட்டுவதும் சுட்டி நகருவதும் இங்கிருந்து அங்கே போகின்றன. திரையின் படம் அங்கிருந்து இங்கே வருகிறது. வேலை முழுவதும் சென்னையில் நடக்கிறது. உடல் கும்பகோணத்தில்; உயிர் சென்னையில்!

"என்னங்க, கூப்பிடக் கூப்பிடக் காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே!" என்று காபி டம்ளரை டொக்கென்று வைத்தாள் என் மனைவி.

"நான் இப்போது இங்கே இல்லை. ஆபீஸில் இருக்கிறேன்" என்றேன்.

"அப்படியானால் காபியையும் ஆபீஸில் வாங்கிக் குடியுங்கள்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இது விளையாட்டாகச் சொன்ன பேச்சுத்தான். ஆனால் விஷயத்தின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. ஆபீஸில் இருக்கிறவனுக்கு வீட்டுக் காபி எட்டாது. அந்த மாதமே இருபதாம் தேதி சாயங்காலம் அது எனக்கு விளங்கிற்று.

ஜி.எஸ்.டி. கட்டுகிறவர்களுக்கு இருபதாம் தேதி என்றால் என்ன என்று தெரியும். மாதா மாதம் கணக்குக் கொடுப்பவர்கள் 3பி என்ற படிவத்தை அன்றைக்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம். வரிக்கு வட்டி வேறு. நான் முன் ஜாக்கிரதையாக முந்தின இரவே வீட்டில் உட்கார்ந்து பட்டியலை எல்லாம் தயார் செய்து ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருந்தேன். மாலை நாலு மணிக்கு ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் பாய்ந்தேன். பென் டிரைவை வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகினேன். ஆபீஸ் திரையில் தேடினேன். ஸி டிரைவ் இருந்தது. டி டிரைவ் இருந்தது. என் பென் டிரைவைக் காணோம்!

பிடுங்கிச் செருகினேன். ஊதிச் செருகினேன். என் மனைவியின் யோசனைப்படி வேஷ்டித் தலைப்பில் துடைத்தும் செருகினேன். மணி ஐந்தாயிற்று. பெங்களூரில் இருக்கும் என் தங்கை பிள்ளைக்குப் போன் செய்தேன். கம்ப்யூட்டரோடு பிறந்தவன் அவன்.

"மாமா, நீங்கள் பென் டிரைவை எங்கே செருகினீர்கள்?"

"கம்ப்யூட்டரில்தான்டா!"

"எந்தக் கம்ப்யூட்டரில்?"

இந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை என்பதை நேயர்கள் மன்னிக்க வேண்டும்.

"நீங்கள் பார்க்கிற ஸி டிரைவ் சென்னையில் இருக்கிற பெட்டியின் ஸி டிரைவ். செருகியிருப்பது கும்பகோணத்துப் பெட்டியில். அந்தப் பெட்டிக்கு உங்கள் வீட்டுப் பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நீங்களாகக் கதவைத் திறந்துவிட்டால்தான் தெரியும்" என்றான்.

"திறக்க வழி உண்டா?"

"2001-லிருந்தே உண்டு மாமா!"

பையன் சொன்ன சரித்திரம் இது. தூரத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை செய்யும் இந்த ஏற்பாட்டை மைக்ரோஸாப்ட் நிறுவனம் 1998-ல் விண்டோஸ் என்.டி. 4.0-வின் டெர்மினல் ஸர்வர் பதிப்பில் கொண்டு வந்தது. அதற்கு முன்பே ஸிட்ரிக்ஸ் என்ற கம்பெனி இதில் கைதேர்ந்திருந்தது. அவர்களிடமிருந்து உரிமை பெற்றுத்தான் மைக்ரோஸாப்ட் இதைச் செய்தது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, நம் பெட்டியில் உள்ள டிரைவ்களையும் தூரத்துப் பெட்டிக்குக் காட்டும் வசதியும் சேர்ந்தது. திரைப் படம் வருகிற அதே இணைப்புக்குள் கிளை வாய்க்கால் மாதிரித் தனித் தனி வழிகள் உண்டாம். ஒன்றில் சத்தம் வரும், ஒன்றில் டிரைவ் போகும். தலை மதகைத் திறந்தால் போதாது. வேண்டிய வாய்க்காலின் மடையையும் திறக்க வேண்டும்.

மடையைத் திறக்கும் முறையைச் சொல்கிறேன். நேயர்களில் பலருக்கு இன்று வீட்டிலிருந்தே வேலை என்பதால் இது உதவும். முதலில் ஆபீஸ் இணைப்பைத் துண்டித்துவிட்டு வெளியே வரவேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் 'ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன்' என்பதைத் திறந்தால், ஆபீஸ் பெட்டியின் பெயர் கேட்கும் சின்னச் சதுரம் வரும். அதன் கீழே மூலையில் 'ஷோ ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும். அதைத் தட்டினால் மேலே நாலைந்து தலைப்புகள் வரிசையாகத் தெரியும். அதில் 'லோக்கல் ரிசோர்சஸ்' என்றால் நம் பக்கத்துச் சொத்து என்று அர்த்தம். அதற்குள் 'மோர்' என்று ஒரு பொத்தான். அதைத் தட்டினால் 'டிரைவ்ஸ்' என்ற சொல் வரும். அதன் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைத் தட்டினால் நம் வீட்டு ஸி, டி, பென் டிரைவ் எல்லாம் தனித் தனிக் கட்டத்தோடு விரியும். வேண்டியதற்கு மட்டும் டிக் போட்டுச் சரி சொல்லி, மறுபடி இணைப்புக் கொடுக்க வேண்டும்.

"பென் டிரைவைச் செருகிவிட்டு அப்புறம் இணைப்புக் கொடுங்கள் மாமா. பிறகு செருகினால் அது தெரியாது. 'பின்னால் செருகப் போகும் டிரைவ்கள்' என்று ஒரு கட்டம் தனியாக இருக்கிறது, அதற்கு டிக் போட்டிருந்தால்தான் தெரியும்" என்றான்.

செய்தேன். ஆபீஸ் திரையில் 'திஸ் பிஸி'யைத் திறந்தேன். அங்கிருந்த டிரைவ்களோடு கூடப் புதிதாக ஒரு வரிசை! என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பையன் 'வீடு' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தான். ஆகவே 'ஸி ஆன் வீடு', 'டி ஆன் வீடு', பென் டிரைவுக்கு 'இ ஆன் வீடு' என்று மூன்று பெயர்கள் நின்றன. அப்படித் தெரியாவிட்டால் மேலே விலாசம் அடிக்கும் இடத்தில் பின்சாய்வுக் கோடு இரண்டு போட்டு, 'டிஎஸ்கிளையண்ட்' என்று இடைவெளி விடாமல் அடித்தாலும் போதுமாம். வீட்டுச் சொத்து கண்ணில் படும்.

பட்டியலை எடுத்தேன், படிவத்தை நிரப்பினேன், ராத்திரி எட்டே முக்காலுக்கு அனுப்பி முடித்தேன். அன்றைக்கு எனக்குக் காபி மட்டுமல்ல, ரவா தோசையும் கிடைத்தது.

அப்புறம் ஒரு மூன்று மாதம் நான் நடந்துகொண்ட தோரணையைப் பார்க்க வேண்டும்! அடுத்த வீட்டுப் பெரியவரிடம் போய், "உமக்குத் தெரியுமோ, வீட்டு டிரைவையே சென்னைக்குக் கொண்டு போய்விட்டேன்" என்று அளந்தேன். அவரும் "அப்படியா! லாரிச் சத்தம் நாலாயிரமாவது ஆகியிருக்குமே?" என்று அக்கறையோடு விசாரித்தார்.

அந்த மூன்று மாதத்தில் நானாக இரண்டு பாடம் கற்றுக்கொண்டேன். ஒன்று, பெரிய பைலைத் தூரத்திலிருந்தபடியே திறக்கக்கூடாது. ஒரு நாள் முந்நூறு மெகாபைட் உள்ள கணக்குப் பைலை 'டி ஆன் வீடு' என்ற இடத்தில் வைத்தபடியே இரட்டைத் தட்டுத் தட்டினேன். சென்னைப் பெட்டி அதைப் படிக்க வேண்டுமானால் ஒவ்வொரு துணுக்கும் கும்பகோணத்திலிருந்து என் வீட்டு இணைப்பின் வழியாகப் போயாக வேண்டும். மாற்றத்தைச் சேமித்தால் அத்தனையும் திரும்பி வரவேண்டும். குளித்துவிட்டு வந்து பார்த்தேன். மணல் கடிகாரம் போல வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் முழுப் பைலையும் ஆபீஸ் டிரைவுக்கு நகல் எடுத்துக்கொண்டு, அங்கே திறந்து வேலை செய்து, முடிந்ததும் வேண்டுமானால் ஒரு நகலைத் திருப்பி அனுப்புவதுதான் மரியாதை. கிணற்றிலிருந்து டம்ளர் டம்ளராக மொண்டா குளிப்பார்கள்? குடத்தில் இழுத்து வைத்துக்கொண்டு குளிக்க வேண்டும்.

இரண்டாவது பாடம், 'டெஸ்க்டாப்பில் சேமித்தேன்' என்று சொன்னால் எந்த டெஸ்க்டாப் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆபீஸ் திரைக்குள் இருந்தபடி சேமித்ததை வீட்டு டெஸ்க்டாப்பில் தேடி அரை நாள் திண்டாடினவன் நான்.

மூன்றாவது பாடத்துக்கு நான் கொடுத்த விலைதான் பெரிது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

என் தாயார் காலமாகி ஆறு வருஷமாகிறது. கடைசி இரண்டு வருஷம் அவள் எங்களோடு இருந்தாள். கோயம்புத்தூரில் இருக்கும் என் பெண் லீவுக்கு வரும்போதெல்லாம் பாட்டியின் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, "பாட்டி, ஆவக்காய்க்கு எத்தனை படி எண்ணெய்?", "பாட்டி, உன் கல்யாணத்துக்கு மாட்டு வண்டி எத்தனை வந்தது?" என்று ஏதாவது கேட்பாள். அம்மாவும் சளைக்காமல் சொல்வாள். நடுவில் இருமுவாள், என்னைக் கூப்பிட்டு ஜன்னலைச் சாத்தச் சொல்வாள். அத்தனையும் பதிவாகியிருந்தது. நாற்பத்து மூன்று பதிவுகள். வீட்டுக் கம்ப்யூட்டரின் டி டிரைவில் 'பழசு' என்று ஒரு அறை திறந்து அதில் போட்டு வைத்திருந்தேன். வருஷத்தில் ஒரு நாள், அவள் திதியன்று, சாயங்காலம் இரண்டு மூன்று பதிவைக் கேட்போம்.

ஆபீஸ் கம்ப்யூட்டரின் டி டிரைவிலும் 'பழசு' என்று ஓர் அறை இருந்தது. அந்தப் பெயரையும் வைத்தவன் நான்தான். இனி வேண்டாத நகல்களை எல்லாம் அதில் தள்ளியிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, "இடம் போதவில்லை, அந்தப் 'பழசு' என்கிறதை அழித்துவிடுங்கள்" என்று ஆபீஸிலிருந்து சொன்னார்கள்.

ஆபீஸுக்குள் பாய்ந்தேன். இடப் பக்கப் பட்டியல் ஒடுக்கமாக இருந்தது. 'டி' என்ற எழுத்துத் தெரிந்தது. அதன் பின்னால் இருந்த 'ஆன் வீடு' மறைந்து கிடந்தது. தட்டினேன். 'பழசு' இருந்தது. அழி என்றேன். "இதை நிரந்தரமாக அழிக்கவா?" என்று கேட்டது. வழக்கமாக அப்படிக் கேட்காதே என்று மனசின் ஒரு மூலையில் தோன்றிற்று. ஆனாலும் விரல் முந்திக்கொண்டது. ஆமாம் என்று தட்டினேன். அரை நிமிஷத்தில் வேலை தீர்ந்தது.

கவனியுங்கள்: வழக்கமாக நம் டிரைவில் எதையாவது அழித்தால் அது குப்பைக் கூடைக்குப் போகும், ரிஸைக்கிள் பின் என்கிறோமே, அதற்கு. மனசு மாறினால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இணைப்பின் வழியாகத் தெரிகிற டிரைவில் அழித்ததற்குக் கூடை கிடையாது. நேரே ஆற்றோடு போயிற்று. அதனால்தான் 'நிரந்தரமாக' என்று கேட்டது. கேட்டதை நான்தான் படிக்கவில்லை.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து, "இன்னும் இடம் காலியாகவில்லையே?" என்று போன் வந்தபோதுதான் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. வீட்டு டி டிரைவைத் திறந்தேன். 'பழசு' இருந்த இடம் வெறிச்சென்றிருந்தது.

என் மனைவியிடம் சொல்ல ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கூடத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜன்னலைச் சாத்துடா என்பாங்களே, அதுவும் போயிட்டுதா?" என்றாள். இதற்கு அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பெங்களூர்ப் பையனுக்குப் போன் செய்தேன். அவன் குரலில் அன்று விளையாட்டு இல்லை. "மாமா, உடனே கம்ப்யூட்டரை நிறுத்துங்கள். அதில் ஒரு எழுத்துக்கூட எழுதாதீர்கள். எதையும் இறக்காதீர்கள். அழித்தது என்றால் பெயர்தான் போயிருக்கும். அந்த இடத்தின் மேல் வேறொன்று எழுதப்படுகிற வரையில் சரக்கு அங்கேயே கிடக்கும். உங்களுடையது பழைய காலத்துச் சுழல்கிற ஹார்ட் டிஸ்க் ஆனதால் நம்பிக்கை இருக்கிறது. புது தினுசு எஸ்.எஸ்.டி. ஆக இருந்தால் அது தானே அந்த இடத்தைச் சுத்தம் செய்துகொண்டுவிடும், மீட்பது மிகவும் கஷ்டம்" என்றான்.

சனிக்கிழமை இரவு பஸ் ஏறி வந்துவிட்டான். டிஸ்கைக் கழற்றி, தன் கம்ப்யூட்டரில் மாட்டி, மீட்கும் புரோகிராமை ஓடவிட்டான். ஞாயிறு மாலைக்குள் முப்பத்தொரு பதிவுகள் கிடைத்தன. என் பெண்ணின் பழைய போனில் மூன்று இருந்தன. ஆக முப்பத்து நாலு. ஜன்னலைச் சாத்தச் சொல்கிறது இருக்கிறது. மாட்டு வண்டிக் கணக்கு இருக்கிறது. ஒன்பது போனது போனதுதான். அதில் ஆவக்காயும் ஒன்று.

"டிரைவைத் திறந்துவிட்டது மூன்று மாதத்துக்கு முன்னால் அல்லவா? இன்னும் எப்படித் திறந்திருந்தது?" என்று பையனைக் கேட்டேன்.

"மூடினால்தானே மாமா மூடியிருக்கும்? ஒருமுறை டிக் போட்டு இணைப்புக் கொடுத்தால், நீங்களாக எடுக்கிற வரையில் அந்த ஏற்பாட்டை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். அது சரி, அன்றைக்கு உங்களுக்கு வேண்டியிருந்தது பென் டிரைவ் ஒன்றுதானே? ஸி, டி இரண்டுக்கும் ஏன் டிக் போட்டீர்கள்?"

"மொத்தமாகப் போட்டுவிட்டால் சௌகரியம் என்று..." என்று இழுத்தேன்.

"இந்த இணைப்பை நம்புகிறீர்களா, உங்கள் டிரைவ்களைக் கொடுக்கலாமா என்று ஒரு எச்சரிக்கை வருமே, பார்க்கவில்லையா?"

"வந்தது. தினம் வந்தது. 'இனிமேல் கேட்காதே' என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கும் டிக் போட்டுவிட்டேன்" என்றேன்.

பையன் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. பெரியவர்களிடம் மரியாதை உள்ளவன்.

நான் செய்தது என் கையாலேயே செய்துகொண்ட வினை. வேறொருவன் கையால் வரக்கூடியதும் உண்டு என்பதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திறந்துவிட்ட டிரைவ் நம் கண்ணுக்கு மட்டும் தெரிவதில்லை. நாம் புகுந்திருக்கும் அந்தத் தூரத்துப் பெட்டிக்கே அது எட்டுகிறது. அந்தப் பெட்டிக்குள் பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகக் கிருமி ஏதாவது புகுந்திருந்தால், திறந்த வழியாக நம் வீட்டு டிரைவுக்கும் கை நீட்ட அதற்கு வசதி ஆகிவிடும்.

2024 அக்டோபரில் மைக்ரோஸாப்ட் ஒரு மோசடியை வெளியிட்டது. 'மிட்நைட் பிளிஸார்ட்' என்று அவர்கள் பெயர் வைத்திருக்கும் ரஷ்ய உளவுக் கூட்டம் ஒன்று, நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான பேருக்கு மின்னஞ்சல் அனுப்பியதாம். கடிதத்தோடு ஒரு குட்டிப் பைல். அது ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புக்கான சீட்டு: எந்தப் பெட்டிக்குப் போகவேண்டும், எந்த மடையெல்லாம் திறக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த சீட்டு. அதைத் திறந்து சம்மதம் கொடுத்தால், நம் கம்ப்யூட்டர் தானாகவே அவர்கள் பெட்டிக்குள் போய் நிற்கும். நம் டிரைவ், பிரிண்டர், நாம் நகல் எடுத்து வைத்த எழுத்து எல்லாம் அவர்கள் கைக்கு எட்டும். பூட்டை உடைத்துத் திருடன் உள்ளே வருகிறது பழைய முறை. இது நம்மை அழைத்துப் போய், சாவிக் கொத்தோடு அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்கிற முறை!

ஆகவே, அடி பட்டவன் என்ற முறையில் நேயர்களுக்குச் சிலது சொல்லி வைக்கிறேன்.

ஆபீஸ் வேலைக்கென்று ஒரு பென் டிரைவைத் தனியாக வையுங்கள். வேண்டிய பைலை மட்டும் அதில் போட்டு, அந்த ஒரு டிரைவுக்கு மட்டும் டிக் போடுங்கள். விண்டோஸோடு வருகிற ரிமோட் டெஸ்க்டாப்பில் முழு டிரைவாகத்தான் கொடுக்க முடியும். ஓர் அறையை மட்டும் கொடுக்க முடியாது. வீடு முழுவதையும் திறந்துவிடுவதற்குப் பதில் திண்ணையைக் கொடுப்பது உத்தமம். மாக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு 'விண்டோஸ் ஆப்' என்பதில் குறிப்பிட்ட போல்டரை மட்டும் கொடுக்க வழி இருக்கிறது. அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

வேலை முடிந்ததும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஜன்னல் மூலையில் உள்ள பெருக்கல் குறியைத் தட்டினால் இணைப்புத்தான் அறும். ஆபீஸ் பெட்டியில் நீங்கள் திறந்து வைத்த வேலை அங்கே அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். முறையாக 'ஸைன் அவுட்' செய்து வெளியே வாருங்கள்.

ஒன்றிரண்டு சின்னப் பைல்தான் என்றால் டிரைவைத் திறக்கவே வேண்டாம். 'கிளிப்போர்டு' என்ற மடை பெரும்பாலும் முன்னதாகவே திறந்திருக்கும். இங்கே நகல் எடுத்து அங்கே ஒட்டலாம். ஆனால் நீங்கள் நகல் எடுத்தது பாங்குக் கணக்கின் ரகசியச் சொல்லாக இருந்தால், அதுவும் அந்தப் பக்கம் எட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

எங்கேயோ இருந்து வந்த கடிதத்தில் இருக்கும் இணைப்புச் சீட்டைத் திறக்காதீர்கள். ஆபீஸ் பெயரில் வந்திருந்தாலும் ஒரு போன் செய்து கேட்டுவிட்டுத் திறங்கள்.

சில ஆபீஸ்களில் எவ்வளவு டிக் போட்டாலும் டிரைவ் தெரியாது. அங்கே நிர்வாகமே அந்த மடையை அடைத்திருக்கும். தங்கள் காகிதங்கள் ஊழியர் வீட்டுக்குப் போகாமலும், ஊழியர் வீட்டுக் கிருமி தங்களிடம் வராமலும் இருக்கச் செய்த ஏற்பாடு அது. சந்து பொந்து தேடாமல், பைலை அனுப்ப எது வழி என்று அவர்களையே கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, போனால் வராது என்று நினைக்கிற எதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். அம்மாவின் முப்பத்து நாலு பதிவும் இப்போது நாலு இடத்தில் இருக்கின்றன. அதில் ஒன்று எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகப்படாமல், அம்மாவின் பழைய மஞ்சள் பையில், பீரோவுக்குள் இருக்கிறது.

ஆபீஸ் வேலையை நான் விட்டுவிடவில்லை. இப்போதும் மாதம் பத்து நாள் கூடு விட்டுக் கூடு பாய்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம். பாய்கிறதற்கு முன்னால் என் மனைவி கூடத்துக்கு வந்து நிற்கிறாள்.

"எத்தனை கதவு திறந்திருக்கு?"

"ஒன்று. பென் டிரைவ்."

"அதில் என்ன இருக்கு?"

"இந்த மாத ஜி.எஸ்.டி. கணக்கு."

"சரி, போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறாள். திரும்பி வந்ததும், "கதவைச் சாத்தினீங்களா?" என்று இன்னொரு முறை கேட்கிறாள். சாத்தினேன் என்று சொன்ன பிறகுதான் காபி.

போன மாதம் ஆவக்காய் போட்டாள். எண்ணெய் எத்தனை என்று கேட்டதற்கு, "அம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து என் பெண் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தாள்.